ஆதார் நகலும் அந்த ஒரு ரூபாயும்: ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கு அந்தரங்கம் எதற்கு?

வைகைக்கரை · காலை 6.50

லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்பது பற்றிய இழையை நேற்றிரவு பூட்டிவிட்டார்கள். பூட்டுவதற்கு முன் கடைசியாகக் கணக்கன் எழுதியது இது: "ஒளிக்க ஒண்ணுமில்லாதவன் நகல் குடுக்க ஏன் நடுங்கணும்? 2018ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோட தலைவர் ஆர்.எஸ்.சர்மா தன் ஆதார் நம்பரையே ட்விட்டர்ல போட்டு, முடிஞ்சா கெடுதல் பண்ணிக் காட்டுங்கன்னு சவால் விட்டார். என்ன ஆச்சு? அவர் அக்கவுண்ட்ல ஒரு ரூபாய் வந்துச்சு. போகலை, வந்துச்சு."

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 2018 ஜூலை 28 அன்று அவர் எண்ணைப் போட்டார். சில மணி நேரத்தில் கைபேசி எண், பிறந்த தேதி, முகவரி, பான் எண் என்று வரிசையாக எடுத்துப் போட்டார்கள். இவை ஆதார் தரவுத்தளத்தில் இருந்து போனவை அல்ல, ஏற்கெனவே இணையத்தில் கிடந்தவை என்று ஆதார் வழங்கும் ஆணையமான யுஐடிஏஐ சொன்னது. இருக்கட்டும். அந்த ஒரு ரூபாயைப் பாருங்கள். கணக்கு எண் இல்லை, ஐஎஃப்எஸ்சி இல்லை. 12 இலக்கத்தை மட்டும் வைத்து அவருடைய கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அதாவது எண் தெரிந்தால் கணக்கு வாசல் தெரிகிறது. சில நாளிலேயே, யாரும் ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போடாதீர்கள், இப்படிச் சவால் விடாதீர்கள் என்று யுஐடிஏஐயே மக்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ஒன்றும் ஆகாது என்றால் அதை ஏன் சொன்னார்கள்?

கணக்கன் · காலை 7.15

என் பேரைப் போட்டு இழை தொடங்கினதுக்கு நன்றி. விஷயத்துக்கு வர்றேன்.

செக் லீஃப் பார்த்திருக்கீங்களா? அதுல கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பேரு மூணும் அச்சாகி இருக்கு. அந்தச் செக்கை வாங்கற யார் வேணும்னாலும் உங்க கணக்குல ஒரு ரூபாய் போடலாம். எந்த மளிகைக் கடைக்காரராவது செக் குடுக்கும்போது "என் அந்தரங்கம் போச்சு"ன்னு அழுதாரா? பணம் போடறதுக்கு அனுமதி வேண்டாம், எடுக்கறதுக்கு வேணும். வங்கித் தொழில்ல இது அரிச்சுவடி. ஆதார் வழி பணம் எடுக்க மூணு வேணும்: வங்கி பேரு, ஆதார் எண், விரல். முதல் ரெண்டு உங்ககிட்ட இருந்தாலும் விரல் இல்லாம மைக்ரோ ஏடிஎம்ல, அதாவது விரல் வச்சுப் பணம் எடுக்கற கைக்கருவியில, ஒரு பைசா வராது.

சர்மா யுஐடிஏஐயோட முதல் தலைமை இயக்குநர். அந்த அமைப்பைக் கட்டின ஆளு. தெரியாமலா போட்டார்?

வைகைக்கரை · காலை 7.40

செக்கோடு ஒப்பிடுகிறீர்கள். செக்கை நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அடிக்கட்டையில் எழுதியிருக்கிறது. சிக்கல் வந்தால் வங்கிக்குப் போய்க் கணக்கை மூடிவிட்டு வேறு எண்ணில் கணக்கு தொடங்கலாம். ஆதார் எண்ணை மூடிவிட்டு வேறு எண் வாங்க முடியுமா? பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் எண் சாகும்வரை அதே எண். ரேகையும் அப்படித்தான்.

விரல் இல்லாமல் வராது என்றீர்கள். சரி, விரலுக்கு வருவோம். பத்திரப் பதிவில் பெருவிரல் ரேகை வைக்கிறோம். தெலங்கானாவில் பதிவுத்துறை இணையதளத்தில் ஏற்றியிருந்த பத்திரங்களில் இருந்து அந்த ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறையிலேயே அச்சு வார்த்து, அடுத்தவர் பெயரில் சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்தது 2018ல் பிடிபட்டது. பிறகு வேறு மாநிலங்களில் இதே வழியில் ஏஇபிஎஸ், அதாவது ஆதார் எண்ணும் விரலும் வைத்துப் பணம் எடுக்கும் முறை, வழியாகப் பணமும் போனது. பத்திரத்தில் ரேகை, அதே பத்திரத்தோடு ஆதார் எண், பெயர். இரண்டும் ஒரே தாளில் கிடைத்தது. மிச்சம் வங்கிப் பெயர் ஒன்றுதான். மைக்ரோ ஏடிஎம்மில் பட்டியலில் இருக்கும் வங்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. ஓடிபி கிடையாது, பின் கிடையாது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை.

நிலம் வாங்கியவர் எதையும் ஒளிக்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் அரசாங்கம் கேட்ட இடத்தில் கைநாட்டு வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

நெல்லைச்சீமை · காலை 7.52

வைகைக்கரை வந்துட்டீரா வே. ஃபாஸ்டேக் இழையில நீரு சொன்ன கணக்கு தப்புன்னு மூணு பேரு காட்டினோம், ஒரு வார்த்தை ஒத்துக்கலை. இங்கயும் அதேதான். கணக்கன் கேட்டது ஒரு ரூபாய் பத்தி. நீரு ரப்பர் ஸ்டாம்ப்புக்குப் போயிட்டீரு.

வைகைக்கரை · காலை 8.01

ஃபாஸ்டேக் இழைக்கு ஃபாஸ்டேக் இழையில் வாருங்கள். அங்கேயும் நான் சொன்னது சரிதான்.

ஊர்க்குருவி · காலை 8.20

ரெண்டு பேரும் ரப்பர் விரலுக்கே போயிட்டீங்க. தினசரி நடக்கிறது ஜெராக்ஸ் கடையில. அதை யாரும் பேசலை.

இ-ஆதார் பிடிஎஃப் ஒண்ணு வாட்ஸ்அப்ல கடைக்காரர் நம்பருக்குப் போகுது. அவர் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கும். கிளிக் பண்ணா டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இறங்கும். "பாஸ்வேர்டு என்னண்ணே?"ன்னு கேப்பார், வரிசையில நிக்கிற பத்துப் பேர் காதுல விழற மாதிரி சத்தமா சொல்லுவாங்க. பிரிண்ட் எடுத்ததும் காசு குடுத்துட்டுப் போயிடுவாங்க. கொஞ்சம் விவரமானவங்க போன்ல "எல்லோருக்கும் நீக்கு" அழுத்துவாங்க. அது உரையாடல்ல இருந்துதான் போகும். டவுன்லோட்ஸ்ல இறங்கின கோப்பு அங்கேயே இருக்கும். மாசக்கணக்குல. அந்தக் கம்ப்யூட்டரை அடுத்த வருஷம் பழைய விலைக்கு விப்பாங்க, ஹார்ட் டிஸ்கோட.

செய்ய வேண்டியது: மாஸ்க் பண்ணின, அதாவது முதல் எட்டு இலக்கம் மறைச்ச இ-ஆதாரை மட்டும் அனுப்புங்க. பிரிண்ட் வந்ததும் கவுண்டர் பக்கம் நின்னு, டவுன்லோட்ஸ்ல இருந்து ஷிஃப்ட் டெலீட் போடச் சொல்லுங்க. வெறும் டெலீட் போட்டா ரீசைக்கிள் பின்ல உக்காந்திருக்கும். கடை போன்லயும் அழிக்கச் சொல்லுங்க, அதுல கேலரிக்குத் தானா சேமிச்சிருக்கும். கோணலா வந்த பிரிண்டைக் கிழிச்சுக் கையில வாங்குங்க. அதைத்தான் பின்னால சில்லறை மடிக்கப் பயன்படுத்துவாங்க.

கணக்கன் · காலை 8.35

ஊர்க்குருவி, பாஸ்வேர்டு இருக்கே. கோப்பு கிடந்தாலும் திறக்க முடியாது. பாஸ்வேர்டு போட்டதே அதுக்குத்தான்.

வைகைக்கரை · காலை 8.48

அந்தப் பாஸ்வேர்டு என்ன என்று உலகத்துக்கே தெரியும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருடம். அனுப்பியவர் பெயர் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. மிச்சம் வருடம். ஆளைப் பார்த்தால் பத்து வருடத்துக்குள் சொல்லிவிடலாம். பார்க்காமலே போனாலும் 1925ல் இருந்து தொடங்கினால் நூறு தடவைதான். பெயரே தெரியாவிட்டாலும் 26ஐ நான்கு முறை பெருக்கினால் 4,56,976. அதை நூறு வருடத்தால் பெருக்கினால் 4.57 கோடி. ஒரு சாதாரணக் கணினி சலிக்காமல் செய்து முடிக்கும் வேலை. பூட்டோடு சாவியையும் சேர்த்துக் கதவில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நெல்லைச்சீமை · காலை 8.55

நாலு எழுத்துன்னு பொத்தாம்பொதுவா சொல்லுதீரே. இனிஷியல் முன்னால இருந்தா?

ஊர்க்குருவி · காலை 9.02

இனிஷியலும் புள்ளியும் சேர்த்துத்தான் நாலு. பி. குமார், 1990ன்னா பி, புள்ளி, கே, யு, 1990. நம்ம ஊர் ஆட்கள் பாதிப்பேர் இங்கதான் மாட்டுவாங்க. பேரை மட்டும் அடிச்சுட்டு "திறக்க மாட்டேங்குது"ம்பாங்க.

நெல்லைச்சீமை · காலை 9.06

அப்ப புள்ளியும் எழுத்தாவே. வைகைக்கரை போட்ட 4,56,976 தப்பு. 26 கிடையாது, புள்ளி சேர்த்து 27. ஃபாஸ்டேக் மாதிரியேதான்.

வைகைக்கரை · காலை 9.15

27ஐ நான்கு முறை பெருக்கினால் 5,31,441. நூறால் பெருக்கினால் 5.31 கோடி. கணினிக்கு இன்னும் சில நொடி கூடுதல். இதைத்தான் கண்டுபிடித்தீர்களா?

நெல்லைச்சீமை · காலை 9.17

தப்புன்னு ஒத்துக்கிடும்.

மேசைவிளக்கு · காலை 9.40

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இருவரும் அதைத் தொடவில்லை.

2017 ஆகஸ்ட் 24ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஏன் ஒன்பது பேர்? 1954ல் எட்டு நீதிபதிகளும், 1962ல் கரக் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகளும் அப்படி ஓர் உரிமை இல்லை என்ற நிலையை எடுத்திருந்தார்கள். அதைத் தாண்ட ஒன்பது பேர் தேவைப்பட்டார்கள்.

கரக் சிங் யார் என்று கணக்கன் படிக்க வேண்டும். உத்தரப் பிரதேசக்காரர். கொள்ளை வழக்கில் சந்தேகப்பட்டுப் பிடித்தார்கள், சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்ட பிறகும் காவல்துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டி எழுப்பி, இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஊரை விட்டுப் போனால் எங்கே போகிறார் என்று சொல்ல வேண்டும். நிரூபிக்க ஒன்றுமில்லை என்று விடப்பட்டவருக்குத்தான் இது நடந்தது. இரவில் வீடு தேடி வருவது செல்லாது என்று அன்றைக்கே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் என்ற பெயரில் சொல்லவில்லை. அதற்கு இன்னும் 55 வருடம் ஆனது.

ஆதார் சட்டத்தைப் பற்றிய 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் கேட்க வழிவிட்ட அச்சட்டத்தின் 57வது பிரிவின் பகுதி ரத்தானது. வங்கிக் கணக்கு, சிம் இரண்டுக்கும் கட்டாய இணைப்பு ரத்து. பான் இணைப்பு செல்லும் என்றார்கள். பிறகு 2019ல் சட்டத்தைத் திருத்தி, விருப்பத்தின் பேரில் தரலாம் என்றார்கள்.

கணக்கன் · காலை 9.58

சட்டம் எல்லாம் சரி சார். கரக் சிங் காலத்துல ஆதார் கிடையாது, அந்தக் கதை இங்க ஒட்டாது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சர்மா நம்பர் இன்னிக்கும் உலகம் பூரா இருக்கு. அவர் பணம் போச்சா? ஒரு ரூபாய் வந்துச்சே தவிர, போச்சா? ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு.

மணிக்கூண்டு · காலை 10.10

அந்தரங்கம் அந்தரங்கம்னு இங்க உருகறவங்க ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லுங்க. 2023ல தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து, அதோட 44(3) பிரிவு வழியா தகவல் உரிமைச் சட்டம் 8(1)(ஜே)யை மாத்தினாங்க. முன்னாடி தனிநபர் தகவலை மறுக்கணும்னா, பொது வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு அதிகாரி காட்டணும். பொதுநலன் இருந்தா குடுத்தே ஆகணும். இப்ப "தனிநபர் தகவல்" அப்படிங்கற ரெண்டு வார்த்தையே போதும். நூறு நாள் வேலைப் பதிவேட்டுல யார் பேருக்குச் சம்பளம் போச்சுன்னு கேட்டா, "தனிநபர் தகவல்"னு கடுதாசி வரும். உங்க அந்தரங்கம் ஊழல் பண்றவனுக்குக் கேடயம் ஆயிடுச்சு. இதைக் கேட்டா மேசைவிளக்கு போன வாட்டி ஓடிட்டார்.

மேசைவிளக்கு · காலை 10.31

ஓடவில்லை. 8(2) அப்படியே இருக்கிறது என்று அப்போதே எழுதினேன். பொதுநலன் கெடுதலை விட அதிகம் என்றால் எந்த விலக்கையும் தாண்டித் தகவல் தரலாம். அதைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.

மணிக்கூண்டு · காலை 10.36

8(2)ல "தரலாம்"னுதான் இருக்கு. தராம இருக்கவும் செய்யலாம். முதல் மேல்முறையீடு, அப்புறம் ஆணையம்னு வரிசையில நின்னு பாருங்க, அப்பத் தெரியும் 8(2)வோட லட்சணம்.

வைகைக்கரை · காலை 10.52

மணிக்கூண்டு, உங்கள் கோபம் நியாயம். தனி இழை தொடங்குங்கள், முதல் பதில் நான் போடுகிறேன். இங்கே அதைக் கொண்டுவராதீர்கள்.

கணக்கனுக்கு: ஆமா இல்லை என்று கேட்கிறீர்கள். சர்மாவின் பணம் போனதாக நான் சொல்லவே இல்லை. அப்போது அவர் டிராய் தலைவர். அவர் கணக்கில் ஒரு ரூபாய் அசைந்தாலும் பத்திரிகையில் வரும், வங்கி ஓடி வரும். முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒருவருக்கு அது நடக்குமா? குறுஞ்செய்தி வரும் போன் அவரிடம் இல்லை. பாஸ்புக் அச்சடிக்கும்போதுதான் தெரியும். "விரல் வைத்தது நீங்கள்தானே, இயந்திரம் சொல்கிறதே" என்று கவுண்டரில் சொல்வார்கள். எண்ணை வெளியே விட்டவருக்குத் திடம் இருந்ததை வைத்து, எல்லோரும் விடலாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்கன் · காலை 11.10

பாதி உண்மை சொல்றீங்க. 2017 ஜூலைல ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை இருக்கு. வாடிக்கையாளர் தப்பும் இல்ல, வங்கி தப்பும் இல்லைன்னா, வங்கி தகவல் அனுப்பின மூணு வேலை நாளுக்குள்ள புகார் குடுத்தா வாடிக்கையாளர் பொறுப்பு பூஜ்ஜியம். நாலுல இருந்து ஏழு நாள்னா ஒரு வரம்பு வரைக்கும்தான். வாடிக்கையாளர்தான் பண்ணினார்னு நிரூபிக்க வேண்டியது வங்கி. இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே போன் பண்ணணும், அவங்க குடுக்கற புகார் எண்ணைக் குறிச்சு வச்சுக்கணும். அதோட 2023ல யுஐடிஏஐ, வைக்கறது உயிருள்ள விரலா அச்சான்னு பாக்கற சோதனையைச் சேர்த்தாங்க. ரேகைப் புள்ளிகளை மட்டும் பாக்காம விரல் படத்தையும் சேர்த்துப் பாக்கும். உங்க ரப்பர் கதை பழசு.

ரொம்ப பயமா, பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. மை ஆதார் தளத்துலயோ ஆதார் செயலியிலயோ ரெண்டு நிமிஷ வேலை. லாக் ஆன பிறகு விரல் வச்சா பிழை 330னு வந்து நின்னுடும். பூட்டு குடுத்திருக்காங்க, போடாம ஊரைக் குத்தம் சொல்றீங்க.

ஊர்க்குருவி · காலை 11.26

கணக்கன் அண்ணே, லாக் பண்ணிட்டு ரேஷன் கடைக்குப் போய்ப் பாருங்க. அங்கயும் விரல்தான். 330 வரும். திறக்கணும்னா பதிவு பண்ணின போனுக்கு ஓடிபி வரணும். திறந்தா பத்து நிமிஷம், அதுக்குள்ள உங்க முறை வரணும். போன் மகன் கையில, மகன் திருப்பூர்ல. அம்மா வரிசையில. பத்து நிமிஷம் முடிஞ்சு மறுபடி பூட்டிக்கும். கடைசில நிரந்தரமா லாக்கை எடுத்துடுவாங்க, அப்புறம் போட மாட்டாங்க. நடக்கிறது இதுதான்.

லாக் பண்ண முடியாதவங்களுக்கு வேற வழி சொல்றேன். மை ஆதார்ல அங்கீகார வரலாறுன்னு இருக்கு. கடைசி ஆறு மாசத்துல உங்க ஆதாரை எங்க, எந்தத் தேதி, விரலா ஓடிபியான்னு அம்பது பதிவு வரைக்கும் காட்டும். மாசம் ஒரு தடவை பாருங்க. அதே மாதிரி தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு வரும். தெரியாத நம்பர் இருந்தா "என் நம்பர் இல்லை"ன்னு அங்கேயே குறிக்கலாம். ஆளுக்கு ஒன்பது சிம் வரைக்கும் அனுமதி, அதனால எட்டு உங்களுக்குத் தெரியாம இருந்தாலும் எந்த மணியும் அடிக்காது. கடன் பக்கம், நாலு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாத் தரணும். மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எடுத்தா வருஷம் பூரா கண்காணிச்ச மாதிரி.

கணக்கன் · காலை 11.33

பாத்தீங்களா, எல்லாத்துக்கும் வழி இருக்கு. அதைத்தான் சொல்றேன்.

வைகைக்கரை · காலை 11.58

வழி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதெல்லாம், நகல் கைமாறிய பிறகு நாம் காவல் காக்கும் வழி. மாதம் ஒரு தளம், மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை, 1930, 330. ஒளிக்க ஒன்றுமில்லாத ஆள் இத்தனை வேலை ஏன் பார்க்க வேண்டும்? அறை வாடகைக்கு எடுத்ததற்கா?

2022 மே 27ல் யுஐடிஏஐயின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தக்கூடும், மாஸ்க் செய்த ஆதாரைக் கொடுங்கள், உரிமம் இல்லாத விடுதிகளும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைக்கக் கூடாது என்று. இரண்டே நாளில், மே 29ல், தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று திரும்பப் பெற்றார்கள். எண்ணைப் போட்டால் ஒன்றும் ஆகாது என்பவர்கள் அந்த அறிவிப்பை முதலில் எழுதியது யார் என்று பாருங்கள்.

மாஸ்க் செய்வதிலும் தப்பு செய்கிறார்கள். அதை விளக்கமாகச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் படத்தின் மேல் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து அனுப்புகிறார்கள். கோடு முழுசாக மூடாது, இலக்கத்தின் தலையும் காலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பல இலக்கங்களைத் தலையும் காலும் வைத்தே சொல்லிவிடலாம். இன்னும் சிலர் ஹைலைட்டர் மாதிரி ஒளி ஊடுருவும் பேனாவில் நாலு தடவை தேய்க்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரியும். காகிதத்தில் மார்க்கரால் அழித்தால், பின்பக்கத்தில் விளக்கு பிடித்தால் தெரியும். அழித்துவிட்டு அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைத்தான் கொடுக்க வேண்டும்.

எண் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கடிதத்தில் மேலே ஒருமுறை, கீழே வெட்டும் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம். முன்பக்கத்தை அழித்துப் பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் விட மோசம் பழைய கியூஆர். 2018க்கு முன் அச்சான கடிதங்களில் இருக்கும் கியூஆரை எந்தச் சாதாரண ஸ்கேனரில் காட்டினாலும் 12 இலக்கமும் பெயரும் முகவரியும் வெறும் எழுத்தாக வந்து விழும். மேலே எண்ணைக் கறுப்படித்துவிட்டுப் பக்கத்திலேயே கட்டத்தில் முழு எண்ணையும் கொடுத்தனுப்புகிறார்கள். பிறகு வந்த கியூஆரில் முழு எண் இல்லை, கடைசி நான்கு இலக்கம்தான், கையொப்பமிட்டது. அதனால் பழைய கடிதம் வைத்திருப்பவர்கள் புதிதாக இ-ஆதார் இறக்குங்கள். இறக்கும்போது "மாஸ்க்டு" என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். நகலின் குறுக்கே, படத்தின் மேலேயே ஏறும்படி, யாருக்கு, எதற்கு, தேதி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள்.

கணக்கன் · மதியம் 12.20

மாஸ்க் மாஸ்க்னு சொல்றீங்களே, உங்க பாணியிலயே கணக்குப் போடறேன். மறைஞ்சது எட்டு இலக்கம். முதல் இலக்கம் 0, 1 வராது, அதனால 8 கோடி. கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறைல வர்ற சரிபார்ப்பு இலக்கம், அது தெரிஞ்சிருக்கறதால பத்துல ஒண்ணுதான் பொருந்தும். மிச்சம் 80 லட்சம். உங்க நியாயப்படி மாஸ்க் ஆதாரும் "சாவியைக் கதவுல தொங்கவிட்டது"தான். அப்ப அதை மட்டும் ஏன் சிபாரிசு பண்றீங்க?

வைகைக்கரை · மதியம் 12.34

பிடிஎஃப் கோப்பை உட்கார்ந்த இடத்தில் இருந்து கோடித் தடவை திறந்து பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். 80 லட்சம் எண்ணில் எது இவருடையது என்று தெரிய ஒவ்வொன்றையும் யுஐடிஏஐ சர்வரில் கேட்க வேண்டும், உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக. இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதா, தெரியாதது போல் எழுதுகிறீர்களா?

கணக்கன் · மதியம் 12.38

அப்ப சர்வர் பாதுகாப்பா இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

வைகைக்கரை · மதியம் 12.41

சர்வர் உடைந்தது என்று நான் எந்த வரியில் எழுதினேன்? மேற்கோள் காட்டுங்கள்.

மேசைவிளக்கு · மதியம் 1.05

கணக்கன் ஒன்றை விட்டுவிடுகிறார். என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்லலாம். அவர் போனில் இருக்கும் ஐந்நூறு பேர் சார்பாகவும் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. உடனடிக் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலை வாங்கிக்கொண்டு, தவணை தவறினால் மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தினார்கள். கடன் வாங்கியவர் "அனுமதி" அழுத்தினார். போன் வந்தது அழுத்தாதவர்களுக்கு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், கோப்புகள், அழைப்புப் பதிவு எதையும் தொடக் கூடாது என்று விதி போட்டது.

தமிழ்நாட்டில் இருந்தே போன வழக்கு ஒன்று உண்டு. 1994ல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்தது. தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு, அது அரசியலமைப்பின் 21வது பிரிவிலேயே அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் அதில்தான் விரிவாகச் சொன்னது.

நெல்லைச்சீமை · மதியம் 1.14

அது ஆட்டோ சங்கர் வழக்குல்லா! தூக்குல போட்ட கொலைகாரன் வழக்கைக் காட்டியா ஒளிக்க ஒண்ணுமில்லாதவனுக்கு வக்காலத்து வாங்குதீரு?

மேசைவிளக்கு · மதியம் 1.20

அவருடைய தன்வரலாற்றைப் பத்திரிகை வெளியிடலாமா என்பது வழக்கு. பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு வெளியிடத் தடையில்லை என்று பத்திரிகைக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. படித்துவிட்டு எழுதுங்கள்.

மணிக்கூண்டு · மதியம் 1.24

பொது ஆவணம்! அதைத்தானே காலைல இருந்து கேக்கறேன். நூறு நாள் வேலைப் பதிவேடு பொது ஆவணமா இல்லையா?

நெறியாளர் · மதியம் 1.30

தலைப்பை விட்டு விலக வேண்டாம். ஃபாஸ்டேக், தகவல் உரிமை இரண்டுக்கும் தனி இழை திறக்கவும்.

கணக்கன் · மதியம் 1.47

நெறியாளர் சொன்னபடி தலைப்புக்கே வர்றேன். காலைல பத்து மணில இருந்து கேக்கற கேள்விக்கு இன்னும் நேர் பதில் வரலை. ரப்பர் ஸ்டாம்ப், பாஸ்வேர்டு, கரக் சிங், ஆட்டோ சங்கர் எல்லாம் வந்தாச்சு. சர்மா கணக்குல ஒரு ரூபாய் வந்துச்சா, போச்சா?

வைகைக்கரை · மதியம் 1.55

வந்தது. மூன்றாவது முறையாக எழுதுகிறேன், வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் 12 இலக்கத்தை அடித்தார், சர்மா கணக்கைத் தொட்டார். அவரைக் கேட்கவில்லை. ஆதார் சட்டம் 29(4) யாருடைய ஆதார் எண்ணையும் பொதுவில் வெளியிடக் கூடாது என்கிறது. ஒன்றும் ஆகாத எண்ணுக்கு எதற்கு அந்தப் பிரிவு?

கணக்கன் · மதியம் 1.58

வந்துச்சு. போகலை. அவ்வளவுதான் நான் சொன்னது.

வைகைக்கரை · மதியம் 2.03

அப்படியானால் உங்கள் எண்ணை இங்கே போட வேண்டாம், போடக் கூடாது. போடத் தயங்குவீர்களா, மாட்டீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை · மதியம் 2.10

அவரு ஏன் சொல்லணும் வே? நீரு முதல்ல 27ன்னு ஒத்துக்கிடும்.

ஊர்க்குருவி · மதியம் 2.31

தனிச்செய்தியில ரெண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருக்காங்க, இங்கயே சொல்லிடறேன். இனிஷியல் பேருக்குப் பின்னால இருந்தா, குமார் பி.ன்னு, அப்ப முதல் நாலு எழுத்து கே, யு, எம், ஏ. புள்ளி வராது. பேரே மூணு எழுத்துன்னா மூணு எழுத்தும் வருஷமும்தான், நடுவுல எதையும் சேர்க்க வேண்டாம். ஆதார்ல எப்படி அச்சாகி இருக்கோ அப்படி அடிக்கணும்.

கணக்கன் · மதியம் 2.40

வைகைக்கரை, பேச்சை என் பக்கம் திருப்பாதீங்க. போச்சா?